நோக்காத இரண்டு மாதம்

என் பிள்ளைக்கு,

நேற்று மத்தியானம் சாப்பிட்டு இலை எடுத்த பிறகு உன் தேவரா அத்தை சொன்ன வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்தோம். "பம்பாய்க்குப் போனா முதல் கடுதாசி எனக்காக்கும் எழுதணும், மோனே. உன்னோட ஆதியத்த அம்மை நானாக்கும். இவ உன்ன என் கையில தந்துட்டுப் புஸ்தகம் வாசிக்கப் போயிட்டா" என்றார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே ஒரு தரம் என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். உன் பத்து வயதிலும் பதினாலு வயதிலும் இதே பேச்சு வந்தபோது இப்படித்தான் பார்த்தாய். ஒரு தடவையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அது என்னிடமிருந்து உனக்கு வந்த சுபாவம். நீ கேட்காததால் நானும் சொல்லாமல் பதினெட்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ ரயிலேறிவிடுவாய். அம்மா என்னைக் கொடுத்தது நிஜந்தானா என்கிற சந்தேகத்தையும் சுமந்துகொண்டு நீ அத்தனை தூரம் போக வேண்டாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

கொடுத்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உனக்கு அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது. இந்தக் கைகளால்தான் உன்னைத் தூக்கி அத்தையின் தோளில் போட்டேன். அத்தை இத்தனை வருஷமாகச் சொல்வதில் அந்த மட்டில் பொய்யில்லை. ஏன் கொடுத்தேன் என்பது அத்தைக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். உனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான்.

எனக்குப் பதினெட்டு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. உன் அப்பாவின் வீட்டார் இங்கே மூன்று தலைமுறை இருந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் அது நான் அறிந்த தமிழ் இல்லை. பாதி வாக்கியத்தில் படகு கரை மாறுவது மாதிரி மலையாளத்துக்குப் போய்விடும். எழுதுவதும் படிப்பதும் முழுக்க மலையாளம். நான் என் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டு வந்தவள். இங்கிலீஷிலும் கொஞ்சம் வாசிப்பேன். ஆனால் வீடு இருந்த கொச்சங்காடியில் தெருவில் இறங்கினால் ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்கத் தெரியாது. கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை வரும், மிளகு வாசனை வரும். அந்த வாசனைகளை வைத்துத்தான் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பேன். அந்த வருஷங்கள் எல்லாம் எனக்கு இப்போது ஈரத்துணி வழியாகப் பார்த்த மாதிரித்தான் ஞாபகம் இருக்கின்றன. உன் முகம்கூட அப்படித்தான். அதற்குக் காரணம் இருக்கிறது.

மாதம் ஒரு புதன்கிழமை பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் குழந்தைகளைக் காட்டப் போவோம். நோய்க்காக அல்ல, நன்றாக இருக்கிற குழந்தைகளைத்தான். எடை போடுவார்கள், தலையைச் சுற்றி நாடா வைத்து அளப்பார்கள், முறை வந்தால் ஊசி போடுவார்கள். ஓடு போட்ட நீளமான அறை. சுவரோரம் பெஞ்சு. ஜன்னலுக்கு வெளியே காயல் தண்ணீரின் வெளிச்சம் கூரையின் அடிப்பக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் மல்லாந்து கிடந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கும். டாக்டரம்மாவுக்கு ஒரு எண்ணம் இருந்தது. குழந்தையின் எடையை எழுதிவைப்பது போலவே, தாயும் குழந்தையும் அந்த நேரத்தில் ஒருவரிடம் ஒருவர் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்று. அதற்காக லீலா என்று ஒரு பெண்ணை மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்த்தியிருந்தார். நர்ஸ் படிப்பு முடித்தவள், என் வயதுதான் இருக்கும். எதுவும் பேச மாட்டாள். பார்ப்பாள், மலையாளத்தில் எழுதுவாள். ஒரு வரி மட்டும் நாம் வீட்டுக்குக் கொண்டுபோகிற கார்டிலும், எடைக்குக் கீழே எழுதித் தருவாள்.

எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. நானும் லீலா மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கொங்கணி பேசும் ஒருத்தி, தராசில் கிடத்திய குழந்தையின் மேல் மெதுவாக ஊதுவாள். அது மூச்சை இழுத்துக் கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கும். இன்னொருத்தி ஊசி முடிகிறவரை குழந்தையின் கால் விரல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பாள். பத்துக்கு மேல் விரல் இல்லாததால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். ஊசி இறங்கும்போது குழந்தைக்கு முன்னால் தாயின் வாய் திறந்துவிடும். குழந்தை அவள் வாயைப் பார்த்துவிட்டுத்தான் அழ ஆரம்பிக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு நானும் ஊதிப் பார்ப்பேன். நீ தும்மினாய்.

ஏழாம் மாதம் உன்னைத் தராசில் வைத்தபோது எடை போடுகிற அம்மாள் அறை முழுக்கக் கேட்கும்படி, "ஏழரை கிலோ! மிடுக்கன்!" என்று கத்தினாள். பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நானும் உன்னைப் பார்த்தேன். தொடையில் மூன்று மடிப்பு. எனக்கு அப்படி ஒரு பெருமை பொங்கியது. "அடேயப்பா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வாரமே உனக்கு வயிற்றுப்போக்கு. பத்து நாளில் அந்த மடிப்புகள் கரைந்துபோயின. மருந்து கொடுத்தார்கள், சரியாயிற்று. ஆனால் எனக்குள் வேறொன்று உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஊரார் கண்ணைவிடப் பெற்றவள் கண்ணுக்கே அதிகம் பயப்படுவார்கள். பிள்ளை தூங்கும்போது தாய் முகத்தைப் பார்த்து ரசிக்கக் கூடாது, சாப்பிடும்போது பார்க்கக் கூடாது என்று நீ பிறந்த ஏழாம் நாளே என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். இத்தனை புத்தகம் படித்தவளா இதை நம்பினாய் என்று நீ கேட்கலாம். படித்ததெல்லாம் ஒரு பக்கம் இருந்தது, பயம் இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. அன்று முதல் நான் உன் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன். பால் கொடுக்கும்போது சுவரைப் பார்ப்பேன். குளிப்பாட்டும்போது தண்ணீரைப் பார்ப்பேன்.

எட்டாம் மாதம் போனபோது உன்னைத் தராசில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். லீலா பார்த்தாள். எழுதினாள். கார்டை மடித்துக் கொடுத்தாள். என்னைப் பற்றி எழுதியிருந்ததை நானே, படிக்கத் தெரியாமல், வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை வந்திருந்தார். தேவராவிலிருந்து வாரம் ஒரு முறை வருவார். உன் அப்பாவுக்கு அம்மா இல்லாததால் இந்த வீட்டுக்கும் அவர்தான் மூத்தவர். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கார்டை எடுத்து எடையைப் பார்த்தார். கீழே இருந்த வரியைப் படித்தார். திரும்பப் படித்தார்.

"எந்தா கொச்சே இது? நீ குட்டிய நோக்குறதில்லைன்னுல்ல எழுதியிருக்கு?"

எங்கள் ஊரில் யாரும் பேச்சில் நோக்குவதில்லை. பார்ப்போம். ஆனால் நான் வாசித்த புத்தகங்களில் நோக்கு உண்டு. கண்ணால் ஊன்றிப் பார்ப்பதற்கு அது எவ்வளவு அழகான சொல் என்று நினைப்பேன். அத்தை வாயிலிருந்து அது வந்ததில் எனக்குச் சின்னச் சந்தோஷம்கூட. நானும் அதே சொல்லில் பதில் சொன்னேன்.

"ஆமா மதினி. நோக்கல. வேணும்னுதான் நோக்காம இருக்கேன்."

அத்தை மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "வேணும்னா?"

"நான் நோக்கினா அவனுக்கு ஆகாது. போன மாசம் பாத்தீங்கல்லா, என்ன பாடு பட்டான்."

"நீ நோக்கலைன்னா பின்ன ஆருடீ நோக்குவா?"

"நீங்க நோக்குங்க மதினி. உங்களுக்கு அவன் நல்லா வருவான்."

உனக்கு இப்போதே புரிந்திருக்கும். நீ இங்கே பிறந்தவன். இங்கே நோக்குவது என்றால் பார்ப்பது மட்டும் இல்லை, பேணிக் காப்பதும் அதுதான். பிள்ளையை நோக்குகிறேன், வீட்டை நோக்குகிறேன், வயதான அப்பாவை நோக்குகிறேன் என்றுதான் சொல்வார்கள். நான் என் பிள்ளையை வளர்க்க மாட்டேன், வேண்டுமென்றுதான் வளர்க்காமல் இருக்கிறேன், நீங்கள் வளர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் அத்தையிடம் சொல்லியிருந்தேன். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாமல் சொல்லியிருந்தேன். அத்தைக்கு முப்பத்துநாலு வயது. பிள்ளை இல்லை. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். வெகுநேரம் தண்ணீர் மொண்டு முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் உன் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்ச நாள் அக்கா நோக்கட்டும். நீ ரெஸ்ட் எடு" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த வீட்டாருக்கும் கண்ணேறு பற்றித் தெரிந்திருக்கிறது, என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் உன்னைக் கொஞ்ச நாள் வைத்தால் நீ தேறுவாய் என்று அவர்களும் நினைக்கிறார்கள், அதைச் சொல்லிக் காட்டாமல் எவ்வளவு நாசூக்காக நடந்துகொள்கிறார்கள் என்று நினைத்தேன். மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. எதையும் உள்ளேயே வைத்துக்கொள்வது கௌரவம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. நீயும் அப்படித்தான் எண்ணுகிறாய், எனக்குத் தெரியும். பம்பாயில் உன்னிடம் யாராவது ஏதாவது சொல்லி, அது உனக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டதுபோல் தோன்றினால், வெட்கப்படாமல் இன்னொரு தரம் கேள். போய் இறங்கியதும் அந்த ஊர் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள். நமக்குத் தெரியாத எழுத்தில் நம்மைப் பற்றி என்னவெல்லாமோ எழுதியிருக்கும்.

உன்னை அத்தை தோளில் போடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். "ஒரு துளி கண்ணீர் வரலையே இவளுக்கு" என்று அத்தை பிற்பாடு சொன்னது அதைத்தான். கண்ணீர் பிற்பாடு வந்தது, வேறு இடத்தில். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் மல்லிகைப்பூ வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினாள். அப்படிக் கட்டினால் பால் வற்றுமாம். கல்யாணப் பெண் மாதிரி மணத்துக்கொண்டு, கையில் விரித்த புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் பார்த்து அத்தை வந்து போவார். "வாசிப்பு நல்லா நடக்குதாக்கும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உன்னைப் பார்க்க வருவேன். மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகேறி, வெலிங்டன் தீவின் கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் தேவரா. அத்தை வீட்டு முன்னறையில் உன்னைத் தரையில் விட்டிருப்பார். நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். வாசல் வெளிச்சத்தில் உன் நிழல் எதிர்ச்சுவரில் விழும். நிழலுக்குக் கண் படாது என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ தவழ ஆரம்பித்ததை நான் சுவரில்தான் பார்த்தேன். நீ முதலில் எழுந்து நின்றதும் சுவரில்தான். உன் நிழலுக்கு மூக்கு கொஞ்சம் நீளம்.

பத்தாம் மாதப் பரிசோதனைக்கு அத்தை உன்னை மட்டாஞ்சேரிக்கே கொண்டுவந்தார். நானும் போய் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தேன். உன்னைக் கூப்பிட்டபோது இருவரும் எழுந்தோம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இதில் ஆரா அம்ம?"

"அம்மை இவளாக்கும், டாக்டர்" என்றார் அத்தை. "நோக்குறது நானாக்கும். இவ நோக்க மாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. பெட்டி நெறயப் புஸ்தகம் வாசிச்ச கொச்சு."

டாக்டரம்மா என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். உடைந்த தமிழில் நிதானமாகக் கேட்டார். "ஏன் நோக்கல? என்னோட சொல்லு."

"கண்ணு பட்டுரும் டாக்டர்."

"கண்ணா?"

"என் கண்ணுதான். பெத்தவ கண்ணு பிள்ளைக்கு ஆகாதுல்லா. ஏழாம் மாசம் நான் நோக்கினேன். உடனே வயித்தால போச்சு. அதான் முகத்தை நோக்கவே இல்ல."

மூலையில் லீலாவின் பேனா நின்றது. "ஈசோயே" என்று இயேசுவைக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்தாள். "ஞான் எழுதியது அதுதானே! கண்ணு கொண்டு நோக்குறது! வேற ஒண்ணுமில்ல!" பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி மொழிபெயர்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். ஊதுகிற கொங்கணிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். உன்னைத் தோளில் வைத்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "கண்ணு கொண்டா?" என்று மெதுவாகக் கேட்டார். "நீ சொன்னது கண்ணு கொண்டா?"

நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். இரண்டு மாதம் இந்த வீட்டில் என்னை என்னவாக வைத்திருந்தார்கள் என்பது ஒவ்வொன்றாகத் தெளிந்தது. உன் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் பேசியது, பக்கத்து வீட்டுப் பெண் பூவைக் கட்டும்போது பெருமூச்சு விட்டது, எல்லாம்.

டாக்டரம்மா நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பயமா இருந்தா மை ரெண்டு பொட்டு கூட வை. பக்ஷே நோக்கு" என்றார். பிறகு உன்னைத் தராசில் வைக்கச் சொன்னார். என்னைக் குனியச் சொன்னார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பல் முளைத்திருந்தது. புருவம் உன் அப்பாவுடையது என்று அன்றுதான் தெரிந்தது. நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். யாரோ ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பிறகு என் தோளுக்கு மேலே தலையைத் தூக்கி அத்தையைத் தேடினாய். லீலா அதையும் எழுதியிருப்பாள்.

பிற்பாடு அவளிடம்தான் நான் மலையாள எழுத்து படித்தேன். நானாகப் படித்த முதல் மலையாள வாக்கியம் எட்டாம் மாதத்து அவளுடைய தாளில் இருந்தது. கார்டில் இடமில்லாமல் ஒரு வரிதான் எழுதியிருந்தாள். தாளில் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. தாய் முகத்தை நோக்கவில்லை, எடை போட்டு முடிகிறவரை குழந்தையின் பாதத்திலிருந்து கையை எடுக்கவில்லை என்று. உன் பாதத்தைப் பிடித்திருந்தது எனக்கே ஞாபகமில்லை.

பத்தாம் மாதப் பரிசோதனையன்று அந்த அறையிலேயே அத்தை உன்னை என்னிடம் கொடுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். உன் துணிகளை மடித்துவைத்த பையை முதலில் தந்தார். "ராகி ரெண்டு தரம் அரிக்கணும், இல்லைன்னா தொண்டையில நிக்கும்" என்றார். உன்னை என் கையில் வைக்கும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ கத்தினாய். அவர் திரும்பவே இல்லை, அப்படியே ஜெட்டிப் பக்கம் நடந்து போய்விட்டார். திரும்பிப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது அந்த அறையில் எனக்குத்தான் தெரியும்.

நீ மூன்று நாள் அழுதாய். பசியழுகை இல்லை, வலியழுகையும் இல்லை. வாசலை நோக்கிக் கையை நீட்டி, அத்தை உன்னைக் கொஞ்சுகிற அந்த ஓசையை நீயே எழுப்பி, பதில் வராததால் அழுதாய். படகின் சங்கு கேட்டால் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாய். என் கழுத்தில் முகம் வைக்க மாட்டாய். நான்காம் நாள் சோர்ந்துபோய் என் மேல் சாய்ந்தாய். அன்று சாயங்காலமே அத்தை வந்துவிட்டார். நீ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாய். அவர் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

"என்னத் தேடினானா?"

"இல்ல மதினி" என்றேன். "அன்னிக்கே மறந்துட்டான்."

"நல்லது" என்றார். "நல்லதுதான். குட்டிகள் அப்படித்தான்." சாயா போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

என் அறியாமையால் உன்னைக் கொடுத்ததற்கு எனக்கு ஒரு சமாதானம் உண்டு. இதற்குக் கிடையாது. இதை நான் தெரிந்தே சொன்னேன். எனக்கு வயது பதினெட்டு, பொறாமையால் சொன்னேன். பிறகு ஒவ்வொரு வருஷமும் திருத்திச் சொல்ல நினைத்து, ஒவ்வொரு வருஷமும் அது இன்னும் கடினமாகி, இன்றுவரை சொல்லவில்லை. பத்து மாதக் குழந்தை ஒரே நாளில் தன்னை மறந்துவிட்டது என்றுதான் அத்தை இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை நீ தேவராவுக்குச் சொல்லிக்கொள்ளப் போகும்போது நான் உன்னுடன் வரவில்லை. அத்தை பாயசம் வைத்திருப்பார், பேசவிட மாட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ மூன்று நாள் அழுததைச் சொல். படகின் சங்குக்கு நீ அழுகையை நிறுத்தியதையும் விடாமல் சொல். அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்று சொல்.

அம்மா